நடுக்களத்தில் ஐவா ஸ்ட்ரௌடின் வீடு

டன்மோர் கல்லூரி பேஸ்பால் மைதானத்தின் வேலி நகரத் தொடங்கியது 1971ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றின் பிற்பகலில். அதற்கு முன்பு அது மற்ற ஊர்களின் வேலிகளைப் போலவே போட்ட இடத்தில் நின்றிருந்தது. ஆளுயரத்துக்குச் சற்று மேல் எழும்பிய பச்சைப் பலகை வேலி. அதில் ஒரு டயர் கடையின் விளம்பரமும் ஒரு சவ அடக்க நிலையத்தின் விளம்பரமும் எழுதியிருந்தன. அன்றைக்கு அலபாமாவிலிருந்து ஒரு கல்லூரி அணி ஆட வந்திருந்தது. கடைசி இன்னிங்ஸ், இரண்டு அணிகளும் சமம். பெரிய காதுகளும் ஒல்லியான கழுத்துமாக அந்த அணியின் ஓரன் மேப்ரி என்ற பையன் மட்டையோடு வந்து நின்றான். அதுவரை அந்தப் பருவத்தில் உருப்படியாக எதையும் அடிக்காதவன் அன்று அடித்த பந்து, நடுக்களத்தின் மேலே ஏறியது. அது இன்னும் இறங்கவில்லை.

நடுக்களத்தில், அதாவது பேஸ்களுக்கு அப்பால் வேலி வரை விரிந்த புல்வெளியின் நடுவில், நின்றவன் உள்ளூர்ப் பையன், லாமர் ஸ்ட்ரௌட். இருபது வயது. மட்டையில் பட்ட சத்தத்தை வைத்தே பந்து எங்கே போகும் என்று தெரிந்துகொள்கிற ஆட்டக்காரன் என்று பேர் வாங்கியவன். சத்தம் கேட்டதும் முதுகைத் திருப்பிக்கொண்டு வேலியை நோக்கி ஓடினான். முகம் மட்டும் தோளுக்கு மேலாக வானத்தைப் பார்த்தது, கையுறை போட்ட கை முன்னே நீண்டிருந்தது. அவன் வேலியை நெருங்கியபோது, சாப்பாட்டு மேசையிலிருந்து நாற்காலியைப் பின்னுக்கு இழுப்பதுபோல வேலி பின்னால் போயிற்று. அவன் ஓடினான். வேலி இன்னும் போயிற்று. மூன்றாம் பேஸ் பக்கத்துப் பலகை இருக்கை வரிசையில் அவனுடைய அம்மா ஐவா மடியில் வேகவைத்த நிலக்கடலைப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவள் எழுந்து நின்றாள். பின்னால் இருந்தவர்கள் அவளை உட்காரச் சொன்னார்கள், பிறகு அவர்களும் எழுந்துகொண்டார்கள்.

பந்து பிடிபடவில்லை, தரையையும் தொடவில்லை. ஆகவே மேப்ரி அவுட் என்றோ ரன் என்றோ தன்னால் சொல்ல முடியாது என்று அம்பயர் கையை விரித்துவிட்டார். பொழுது சாயும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். கோச் டில்மன் தொண்டை கட்டும்வரை "விட்டுடு லாமர், போதும் வா" என்று கத்திப் பார்த்தார். இருட்டியதும் அலபாமா பேருந்து கிளம்பிவிட்டது. ரன்னுக்காகப் பாதி தூரம் ஓடி இரண்டாம் பேஸில் கால் வைத்து நின்றிருந்த ஓரன் மேப்ரியை இரண்டு பேர் கையைப் பிடித்துத்தான் வண்டியில் ஏற்ற வேண்டியிருந்தது. டில்மன் அடுத்த வருஷமே வேலையை விட்டார். பந்திலிருந்து கண்ணை எடுக்காதே என்று லாமருக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான் என்று கடைத்தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். யாரும் மறுத்துப் பேசவில்லை. அப்படியே செத்துப்போனார்.

லாமர் முழு வேகத்தில்தான் ஓடினான். ஆனால் அவன் காலடியில் புல் நீண்டுகொண்டே போனதால், ஊரைப் பொறுத்தவரை வருஷத்துக்கு ஒரு வீட்டு மனை தூரம்தான் நகர்ந்தான். பலகை வரிசையிலிருந்து பார்த்தால் தெரிவான். வெள்ளைச் சட்டை, முதுகில் எண். மாரிக்காலத்தில் மங்கலாகத் தெரிவான். முதல் வாரமே ஐவா இரண்டாம் பேஸிலிருந்து அவனை நோக்கி நடந்தாள். காலையில் தேவாலயம் விட்டதும் நடக்கத் தொடங்கியவள் சாயங்காலம் வரை நடந்தாள். அவன் இருந்த அளவிலேயே இருந்தான். திரும்பி நடந்தபோது சில எட்டுகளிலேயே இரண்டாம் பேஸ் வந்துவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் போய் நின்று காத்திருக்கலாம் என்று பார்த்தாள். அதுவும் நடக்கவில்லை. வேலி தனக்கு முன்னால் நிற்கிற ஆட்களை, நாய்களை, கார்களை வலிக்காமல் தள்ளிக்கொண்டே போனது. அஸ்திவாரம் போட்டு நின்றவற்றை மட்டும் தள்ளவில்லை. அவற்றின்மேல் ஏறிக் கடந்து, மைதானத்துக்குள் விட்டுவிட்டுப் போனது. எரிந்துபோன ஒரு வீட்டின் செங்கல் புகைபோக்கி அப்படித்தான் ஒரு வருஷம் நடுக்களத்துக்குள் வந்து நின்றது. லாமர் அதைப் பார்க்கவில்லை. தோள் உரசிச் சட்டையில் ரத்தம் தெரிந்தது. வேகம் குறையவில்லை. அதற்குப் பிறகு கல்லூரி, வேலியின் பாதையில் இருந்த கட்டடங்களையெல்லாம் முன்கூட்டியே வாங்கி இடித்துத் தள்ளத் தொடங்கியது. பையனுக்கு அடிபடக் கூடாது என்றார்கள். அது பொய்யில்லை. கார் நிறுத்த இடமும் தேவைப்பட்டது.

மைதானம் வளர்ந்தது. வேலி நகர நகர இரண்டு பக்கமும் இருக்கை வரிசைகள் நீண்டன. கல்லூரி கட்டியது பாதி, தானாக முளைத்தது பாதி. தானாக முளைத்தவற்றில் இருக்கை எண்களும் சரியாகவே இருந்தன. ஓடுகிறவனைப் பார்க்க டென்னசியிலிருந்தும் ஜார்ஜியாவிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்தார்கள், கடலை தின்றார்கள், போனார்கள். பழைய பேஸ்களுக்கு நடுவே ஆட்டங்கள் வழக்கம்போல நடந்தன. நடுக்களத்துக்கு மேலே வேலியைத் தாண்டி அடித்து ஹோம் ரன் எடுப்பது இனி யாராலும் ஆகாது என்பதால், அதற்கேற்ப ஆடப் பழகிய டன்மோர் அணி கோப்பைகள் வாங்கியது. எதிரணிகள் முதலில் முறையிட்டன, பிறகு வேகமாக ஓடுகிற பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தன. அதே வருஷங்களில் ஊர் சுருங்கியது. சட்டைத் தொழிற்சாலை மூடியது, அதற்கப்புறம் ரயில் நிற்பது நின்றது, பள்ளிக்கூடத்தைப் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிட்டார்கள். ஒரு கட்டத்தில் இருக்கைகள் ஊர் ஜனத்தொகையைத் தாண்டின. பிறகும் முளைத்தன.

பந்தை அடித்த ஓரன் மேப்ரி அடுத்த மாதமே ஒரு பெட்டியோடு டன்மோருக்குத் திரும்பி வந்துவிட்டான். படிப்பை விட்டுவிட்டு, மைதானத்தில் புல் வெட்டும் வேலை கேட்டான். புல் கூடிக்கொண்டே போன இடம், வேலை உடனே கிடைத்தது. ஐவாவின் வீடு, மைதானத்திலிருந்து தொடங்கிய செஸ்ட்நட் தெருவின் மறுகோடியில், தெரு முட்டி நிற்கிற இடத்தில், மைதானத்தைப் பார்த்தபடி இருந்தது. அறைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையில் அமைந்த, மெலிந்த பலகை வீடு. ஓரன் வந்த அன்றே அங்கே போய்ப் படிக்குக் கீழே நின்றான்.

"யாருடா நீ?" என்றாள் ஐவா.

"ஓரன் மேப்ரிங்க. அந்தப் பந்தை அடிச்சவன்."

"அடிச்சுட்டேல்ல. இன்னும் என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாங்க. ஆட்டம் முடியற வரைக்கும் இங்கயே இருக்கலாம்னு."

"இருந்து என்ன பண்ணப் போறே? இன்னொண்ணு அடிக்கப் போறியா?"

பாத்திரம் கழுவின தண்ணீரை அவன் காலடியில் ஊற்றிவிட்டு உள்ளே போனாள். அவன் மறுநாளும் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போனான். அவள் மறுநாளும் ஊற்றினாள். அப்படிச் சில வருஷங்கள் போயின. லாமரோடு நிச்சயமாகியிருந்த பெண் கொஞ்ச காலம் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பலகையில் உட்கார்ந்து பார்த்தாள். பிறகு மெம்ஃபிஸில் ஒரு பல் மருத்துவரைக் கட்டிக்கொண்டு போனாள். கல்யாணத்துக்கு ஐவாதான் கேக் செய்துகொடுத்தாள். அந்த வருஷம் ஒரு புயலில் அவள் வீட்டுத் தகரக் கூரை ஒரு பக்கம் பிய்ந்தது. ஓரன் ஏணியோடு வந்து நின்றான்.

"மேல ஏறட்டுமா, மிஸ் ஐவா?" அந்த ஊரில் கல்யாணமான பெண்களையும் மரியாதைக்கு மிஸ் என்பார்கள்.

"ஏறு. விழுந்தா நான் பிடிக்க மாட்டேன். எங்க வீட்ல பிடிக்கிறவனுக்கு இப்ப வேற வேலை இருக்கு."

ஓரன் சிரிக்கலாமா என்று தெரியாமல் நின்றான். அவளும் சிரிக்கவில்லை. கூரை சரியானதும் சமையலறை மேசையில் சோள ரொட்டியும் மொச்சையும் வைத்தாள். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒருமுறை ஏன் என்று கேட்டாள். ஆட்டத்துக்கு நடுவில் எப்படிங்க என்றான்.

செஸ்ட்நட் தெருவின் வீடுகள் ஒவ்வொன்றாகப் போயின. ஐவாவின் கணக்கு இதுதான்: அஸ்திவாரம் உள்ள ஒரு வீட்டுக்குள் அவள் இருந்தால் வேலி அவளைத் தள்ளாது. லாமர் அவளிடம் வந்துதான் ஆக வேண்டும். முதலில் பக்கத்து வீடு ஒன்றில், சொந்தக்காரர்கள் காலி செய்துவிட்டுப் போன பிறகு, உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். கல்லூரி ஆட்கள் மரியாதையாகக் கதவை உடைத்து, அவளை நாற்காலியோடு தூக்கி வெளியே வைத்துவிட்டு வீட்டை இடித்தார்கள். அதனால் சொந்த வீட்டின் முறை வரும்வரை காத்திருந்தாள். அந்தக் காத்திருப்பில் அவள் தலை நரைத்தது, முதுகு வளைந்தது, ஒரு கண்ணில் புரை விழுந்தது. வெள்ளைச் சட்டை மட்டும் அந்தக் கண்ணுக்கும் தெரிந்தது என்பாள்.

முறை வந்தபோது கல்லூரியிலிருந்து விளையாட்டுத் துறைத் தலைவர் வந்தார். கனிவான மனிதர், வயதில் சின்னவர், அந்தப் பந்து பறந்த பிறகு பிறந்தவர். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"வீடு இங்க நின்னா அவன் வந்து மோதிடுவான், மிஸஸ் ஸ்ட்ரௌட். புகைபோக்கி விஷயம் உங்களுக்குத் தெரியும்."

"அது ஊரான் புகைபோக்கி. இது அவன் வீடு. வீட்டைப் பார்த்தா நிப்பான்."

"நிக்கலேன்னா?"

"டீ குடிச்சிட்டுக் கிளம்புங்க தம்பி."

கல்லூரி நீதிமன்றத்துக்குப் போனது. மாவட்ட நீதிபதி தானே நேரில் வந்து, அவள் வீட்டு வாசலில் நின்று, தூரத்தில் ஓடிவருகிறவனை நெடுநேரம் பார்த்தார். திரும்பிப் போனவர் உத்தரவில் கையெழுத்துப் போடாமலேயே வைத்திருந்து, அந்தக் குளிர்காலத்தில் இறந்துபோனார். அடுத்த நீதிபதியை நியமிப்பதற்குள் வேலி வந்துவிட்டது.

வேலி வந்த காலையில் ஐவா வீட்டுக்குள் இருந்தாள். சோள மாவு, மொச்சை, பன்றிக் கொழுப்பு, டப்பாவில் அடைத்த பீச் பழம் எல்லாம் நிறையச் சேர்த்து வைத்திருந்தாள். தண்ணீருக்குப் பின்பக்கம் கைக்குழாய் இருந்தது. ஓரன் தன் பெட்டியோடு வந்து படிக்குக் கீழே நின்றான். அவனும் அப்போது வயதானவன். பெரிய காதுகள் மட்டும் அப்படியே இருந்தன.

"உன்னை யாரு வரச் சொன்னா?"

"நீங்க தனியா அவனைப் பிடிச்சு நிறுத்த முடியாதுங்க. நூத்தி எண்பது பவுண்டு எடை அவன்."

"நிறுத்திட்டா பந்து விழுந்துடும். உனக்குத்தான் ரன்னு."

"ஆமாங்க."

"டன்மோர் தோத்துடும்."

"ஆமாங்க."

"தோக்கட்டும். உள்ள வா. காலைத் துடைச்சிட்டு வா."

பச்சைப் பலகைகள் முன்வாசலில் ஏறி, கூரையில் சரசரத்து, பின்வாசலில் இறங்கிப் போயின. டயர் கடையும் சவ அடக்க நிலையமும் மூடி வெகுகாலமாகியும் விளம்பரங்கள் அழியாமல் இருந்ததை ஓரன் ஜன்னல் வழியே பார்த்தான். அதன் பிறகு வீடு நடுக்களத்தில் இருந்தது. வேலிக்கும் லாமருக்கும் இடையில் எப்போதும் இருந்த இடைவெளி ஏறக்குறைய ஒரு வருஷ ஓட்டம். லாமரை நோக்கிப் போனால் புல் நீளும், வேலிக்கு அந்தப் பக்கம் போனால் வேலி தள்ளும் என்பதால் இருவரும் வீட்டிலேயே இருந்தார்கள். அவள் சமைத்தாள், அவன் வாசலைச் சுற்றிப் புல் வெட்டினான். சாயங்காலங்களில் சீட்டு ஆடினார்கள்; அவள் ஏமாற்றினாள், அவன் கண்டுகொள்ளவில்லை. ஆட்ட நாட்களில் வெகு தொலைவிலிருந்து ஆரவாரம் கேட்கும், பக்கத்து மாவட்டத்தில் மழை பெய்வதுபோல. லாமர் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதானான். முதலில் நீட்டிய கையுறை தெரிந்தது. பிறகு தோளில் பழைய ரத்தக்கறை. பிறகு, குளிர் விட்ட ஒரு நாளில், அவன் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. ஐவா அன்று சாப்பிடவில்லை. அவனுடைய சட்டை ஒன்றை எடுத்து இஸ்திரி போட்டு நாற்காலியில் வைத்தாள், பிறகு எடுத்து உள்ளே வைத்துவிட்டாள்.

அவன் வந்தது ஒரு மேகமூட்டமான பிற்பகலில். ஐவா முன்வாசல் படியில் நின்று, "லாமர், வீடுடா, நம்ம வீடு" என்று கூப்பிட்டாள். அவள் குரல் அவ்வளவு தூரம் போகவில்லை. அவன் கண் வானத்திலேயே இருந்தது. ஓரன் அவன் வருகிற விதத்தைப் பார்த்தான். எத்தனையோ ஆட்டங்களில் சுவர் தெரியாமல் பின்னோக்கி ஓடி விழுந்தவர்களைப் பார்த்தவன் அவன்.

"மிஸ் ஐவா. அவன் சுவத்தைப் பாக்கல."

"பாப்பான்."

"பாக்க மாட்டான். நம்ம வீடுதான் இப்ப அவனுக்குச் சுவரு."

அவள் ஒரு கணம் அவனை வெறித்துப் பார்த்தாள். பிறகு இருவரும் உள்ளே ஓடினார்கள். முன்கதவை அகலத் திறந்தார்கள், நடுக்கதவுகளைத் திறந்தார்கள், பின்கதவு ஈரத்தில் உப்பிப்போய் மாட்டிக்கொண்டிருந்தது, ஓரன் தோளால் இடித்துத் திறந்தான். சாப்பாட்டு மேசையைச் சுவரோடு சாய்த்தார்கள். தையல் மிஷினை இழுத்தார்கள். வாசலிலிருந்து வாசல் வரை வெளிச்சம் விழுந்தது. அதற்கு நடுவில், சமையலறைக்கும் படுக்கை அறைக்கும் இடையில், ஐவா இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றாள். "நான் பிடிக்கிறேன்" என்றாள். ஓரன் பின்கதவு மூடாமல் பிடித்துக்கொண்டான்.

வீட்டுத் தரை புல் அல்ல, அதனால் அது நீளவில்லை. மைதானத்தில் வருஷக்கணக்கில் ஓடியவன் வீட்டுக்குள் இரண்டு மூச்சு நேரம்தான் இருந்தான். படிகளில் காலணி ஆணிகள் தடதடத்தன. வாசலை அடைத்துக்கொண்டு வந்தான், மேல்நோக்கிச் சாய்ந்த முகம், திறந்த வாய், நெற்றியில் ஒட்டிய முடி. கூரை இருந்ததோ இல்லையோ, அவனுக்கு வானம் தெரிந்துகொண்டிருந்தது. இருபது வயது. ஐவா அவன் முகத்தில் வலியைத் தேடினாள். அப்படி எதுவும் இல்லை. பிறந்தநாள் காலையில் இருப்பதுபோல இருந்தான்.

"அம்மா, ஒதுங்கிக்கோங்கம்மா, பந்து என்னுது" என்று கத்தினான்.

அவள் கைகளை மடக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். அவன் சட்டைக் கை அவள் கன்னத்தில் பட்டுக்கொண்டு போனது. வெட்டின புல்லும் வியர்வையும் மணத்தன. பின்படிகளை ஒரே தாவலில் தாண்டி இறங்கினான், கைக்குழாயைச் சுற்றிக்கூட ஓடவில்லை, அது தற்செயலாக அவன் வழியில் இல்லை, அவ்வளவுதான். புல் மறுபடி அவன் காலடியில் நீளத் தொடங்கியது. ஐவா பின்வாசலுக்கு வந்து நின்றபோது அவன் முதுகு எண் தெரிந்தது.

ஓரன் பிடித்திருந்த கதவை விட்டான். "அம்மான்னு கூப்பிட்டானே, மிஸ் ஐவா."

"வயசான பொம்பளைங்க எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவான். அப்படித்தான் வளர்த்தேன்."

"உங்களையும் அப்படித்தானே கூப்பிடுவான்."

"ஆமா. என்னையும் அப்படித்தான்."

அவள் மேசையைப் பழைய இடத்தில் வைக்கச் சொன்னாள். இருவருமாக நகர்த்தினார்கள். அன்று சாயங்காலம் இருவரும் பழைய பேஸ்கள் இருக்கும் பக்கம் நடந்தார்கள். லாமருக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு மைதானம் சின்னதுதான், பால் வாங்கிவரும் தூரம். ஐவா அதற்கப்புறம் மூன்று வருஷம் இருந்தாள். அந்த "அம்மா" யாருக்கு என்று அவள் கடைசிவரை ஒருவிதமாகவும் முடிவு செய்யவில்லை. சில நாள் தனக்கு என்றாள், சில நாள் இல்லை என்றாள், பெரும்பாலும் பேச்சை மாற்றினாள். இறந்த பிறகு வீட்டை என்ன செய்வது என்று கல்லூரியில் யோசித்து, இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். பந்து வீட்டுக்குள் உருண்டு போனால் அடித்தவனுக்கு இரண்டு பேஸ் என்று விதி எழுதிக்கொண்டார்கள். எதிரணிகளும் ஒப்புக்கொண்டன. ஓரன் அங்கேயே குடியிருந்து புல் வெட்டுகிறான். கேட்டால் ஆட்டம் இன்னும் முடியவில்லை என்கிறான். அது உண்மைதான்.

வேலி இப்போது தெருவுக்குப் பின்னால் இருந்த பருத்தி வயலைக் கடந்து, ஊரை ஒட்டிக் கிடக்கும் பக்கத்து மாவட்டத்துக்குள் போயிருக்கிறது. அங்கே கல்லூரி வீடுகளை இடிப்பதில்லை, யாரும் இடிக்கச் சொல்வதுமில்லை. புதிதாக வீடு கட்டுகிறவர்கள் முன்வாசலுக்கு நேராகப் பின்வாசலை வைக்கிறார்கள். வேலி கடந்துபோய், வெள்ளைச் சட்டை நெருங்கி வந்ததும் மேசை நாற்காலிகளைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு, கதவுகளைத் திறந்து போட்டுவிட்டு, தங்கள் வேலையைப் பார்க்கிறார்கள். பிள்ளைகளுக்கு மட்டும் ஒன்று சொல்லி வைத்திருக்கிறார்கள்: ஓடிவருகிற அண்ணன் எந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும், ஒதுங்கி வழிவிட வேண்டும்.